பூங்கனியின் இடது கால்

ஒரு விடுகதை போடுகிறேன். ஆயிரம் தடவை மிதித்த இடத்தில் ஒரு தடம்கூட இல்லை. ஒரே ஒரு தடவை மிதித்த இடத்தில் விழுந்த தடம் அழியவே இல்லை. இரண்டும் ஒரே இடம்தான். அது எந்த இடம்?

விரலை மடக்கி யோசிக்க வேண்டாம். வெள்ளாந்திட்டில் பால்வாடிக்குப் போகும் பிள்ளைகள்கூட இதற்கு விடை சொல்லிவிடும்: உப்பளத்தில் பதினோராம் பாத்தி. விடையை முதலிலேயே கொடுத்துவிட்டேன், ஏனென்றால் விடை தெரிந்த பிறகுதான் இதில் கடினமான பகுதி ஆரம்பிக்கிறது.

வெள்ளாந்திட்டு என்பது கடலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் முப்பத்தொன்பது வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், உப்பு மூட்டை அடுக்கும் ஒரு பெரிய கொட்டகை, அவ்வளவுதான், மற்றதெல்லாம் பாத்திகள். மழைக்காலம் முடிந்து தண்ணீர் வடிந்ததும், தை மாதத்தில், கடல் தண்ணீர் பாய்ச்சுவதற்கு முன்னால், பாத்தியின் சேற்றுத் தரையை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அதற்காக ஒரு இயந்திரம் ஒருமுறை வந்து பார்த்தது, அச்சு வரை புதைந்தது, திரும்பிப் போய்விட்டது. ஆகவே பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று, ஒருவர் வைத்த தடத்தை அடுத்தவர் அழித்து, அடுத்தவர் வைத்ததை அதற்கடுத்தவர் அழித்து, வரப்பிலிருந்து வரப்புக்குப் போய்த் திரும்பி, தரை சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஆகும் வரை மிதிப்பார்கள். காலால் செய்கிற வேலை. கால் தடம் இருக்கக் கூடாது. தடம் இருந்தால் அந்தக் குழியில் சேறு கலந்து உப்பு கறுத்துப்போகும்.

அந்த வரிசையில் எப்போதும் கடைசியாக நின்றவள் பூங்கனி. அவளுக்குக் கால் சிறியது, செருப்புக் கடையில் பள்ளிக்கூடத்துச் சிறுமிகளின் அளவைத்தான் கேட்டு வாங்குவாள். உடம்பும் கனம் இல்லாதது. அவள் மிதித்த இடத்தில் ஈரம் மட்டும்தான் இருக்கும் என்று கங்காணி தங்கப்பழம் சொல்வார். பதினான்கு வருடம் அவள் கடைசியாக நின்றாள், கடைசியாகவே வரப்பில் ஏறினாள். தண்ணீர் லாரி நாலு நாளைக்கு ஒருமுறை வந்ததாலும், வந்த தண்ணீரில் பிள்ளைக்கு எடுத்து வைத்தது போகக் கொஞ்சமே மிஞ்சியதாலும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு பெண் ஒதுங்குவதற்கு ஒரு செடிகூட இல்லாததாலும், காலையிலிருந்து மதியம் வரை அவள் ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் குடித்ததில்லை. மற்றப் பெண்களும் அப்படித்தான். பூங்கனிக்கு முகம் வீங்கியது, பிறகு கணுக்கால் வீங்கியது, ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் என்றார்கள். அந்தத் தை மாதம் பதினோராம் பாத்தியை மிதித்து முடித்து, வரப்பில் ஏற வேண்டிய கடைசி அடியைப் பூங்கனி எடுக்கவில்லை. இடது காலை ஊன்றினாள், அப்படியே சரிந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பியபோது, தட்டு மாதிரி இருந்த தரையில், வரப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, அவளுடைய இடது கால் தடம் இருந்தது. குதிகால், உள்வளைவு, ஐந்து விரல்கள், அதில் கட்டைவிரலைவிட நீண்ட இரண்டாவது விரல். தங்கப்பழம் ஏழு பேரை விட்டு அதை மிதிக்கச் சொன்னார். மிதித்தார்கள். மறுநாள் காலையில் இருந்தது. சேறு போட்டு மூடி மறுபடி மிதித்தார்கள். மறுநாளும் இருந்தது.

"ஏல, ஒரு பொம்பள கால அழிக்க ஏழு ஆம்பளையால முடியலன்னு வெளிய எங்கயும் சொல்லிராதீய," என்றார் தங்கப்பழம். அதோடு பதினோராம் பாத்தியை அந்த வருடக் கணக்கிலிருந்து விட்டுவிட்டார்கள். யாரும் பயப்படவில்லை, கற்பூரம் ஏற்றவில்லை. பதினான்கு வருடம் ஒரு தடமும் விடாமல் மிதித்தவளுக்கு ஒன்று விட்டுப்போக உரிமை இல்லையா என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள், பேசிக்கொண்டே பன்னிரண்டாம் பாத்திக்குப் போனார்கள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று தடத்தில் தண்ணீர் ஊறியது.

இந்த இடத்தில் வெள்ளாந்திட்டுக்காரர்கள் ஒரு தப்புச் செய்தார்கள். வேறு எந்த ஊர்க்காரர்களும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். தண்ணீரைக் கண்டால் குனிந்து குடிக்கிறவர்கள் உண்டு, செடிக்குப் பாய்ச்சுகிறவர்கள் உண்டு. இவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரைக் கண்டால் வெயிலில் காயவைக்கிறவர்கள். ஊறி வழிந்ததைச் சின்ன வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குள் பரப்பிவிட்டு, உப்புப் பூக்கட்டும் என்று இரண்டு நாள் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் குடித்தது, தரை காய்ந்தது, ஒரு கல் உப்புகூட விழவில்லை. தங்கப்பழம் சந்தேகப்பட்டு, உப்புத் தண்ணீரின் கனம் பார்க்கும் கண்ணாடிக் குழலைத் தடத்துத் தண்ணீரில் விட்டார். உப்பு இருந்தால் குழல் மிதக்க வேண்டும். அது மூழ்கிப்போய் அடியில் தட்டியது. அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார், பிறகு தலையிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

இரண்டு நாளாக அத்தனை நல்ல தண்ணீரையும் வெயிலுக்குக் கொடுத்துவிட்டோம் என்று அன்று முழுவதும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஊர் அதை எப்படிப் பழகிக்கொண்டது என்று சொன்னால், ஒரு புது மருமகளைப் பழகிக்கொண்டது போலத்தான். முதலில் சந்தேகம், பிறகு உரிமை, பிறகு அது இல்லாமல் முடியாது என்ற நிலை. தடம் ஒரு கை அளவுதான், தேங்காய்ச் சிரட்டையால் மொண்டால் மொண்ட இடம் உடனே நிறைந்தது. விடியலிலிருந்து பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு மூன்று குடம் கிடைத்தது. வரிசையில் ஆட்கள் நிற்க வேண்டாம், குடங்கள் நின்றால் போதும் என்று வைத்தார்கள். பதினோராம் பாத்தி வரப்பில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று வைத்தார்கள். அந்தத் தண்ணீரில் சோறு வெள்ளையாக வந்தது, சோப்பு நுரைத்தது, உப்பு அரித்த கால் புண்கள் ஆறின, பெண்கள் காலையில் முழு டம்ளர் குடித்தார்கள், கொட்டகைக்குப் பின்னால் ஓலைத் தடுப்பு ஒன்றும் கேட்டு வாங்கினார்கள். முதலில் பூங்கனி தண்ணி என்றார்கள். பிறகு அவசரத்தில் பூங்கனி என்று மட்டும் சொன்னார்கள். உங்க வீட்டுக்குப் பூங்கனி புடிச்சாச்சா என்று கேட்டார்கள். பூங்கனிய மூடி வை, ஈ விழும் என்றார்கள். இன்னைக்குப் பூங்கனி நல்லா குளுந்து இருக்கு என்றார்கள். கொட்டகையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அவள் புருஷன் லிங்கத்துரை ஒரு நாளைக்கு நாற்பது தடவை மனைவியின் பெயரைக் கேட்டார், நாற்பது தடவையும் நிமிர்ந்து பார்த்தார்.

தண்ணீர் லாரி மூன்று தடவை வந்து ஹாரன் அடித்துப் பார்த்தது. குடத்தோடு ஒருவரும் வரவில்லை. லாரி அனுப்புகிற அலுவலகத்தில், இந்த ஊருக்குச் சொந்த ஊற்று இருக்கிறது என்று எழுதி, லாரியை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

லிங்கத்துரைக்கு மட்டும் வரிசை கிடையாது. முதல் மூன்று குடமும் அவர் வீட்டு வாசலுக்குப் போய்விடும். அது ஊர் கொடுத்த மரியாதை. வாசலில் அதை வாங்கி வைக்கிறவள் அவர் மகள் சந்தனமாரி, ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. மாரி என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு அம்மா செத்துப்போனதில் தினமும் காலையில் ஒரு சிக்கல் வந்தது, தலைச் சிக்கல். லிங்கத்துரை நூறு கிலோ மூட்டையை ஒரு மூச்சில் தூக்குவார். மகள் தலையில் சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாது. வாரி, ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டு, போதுமா தாயி என்று கேட்பார். போதும்ப்பா என்பாள். பூங்கனி பின்னுவது வேறு மாதிரி. மாரிக்கு உச்சியில் ஒரு தழும்பு உண்டு, அதை மறைக்க வகிட்டை இடது பக்கம் சாய்த்து எடுத்து, இரண்டு பின்னல் போட்டு, மடித்து, ரிப்பனை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவாள். சாயங்காலம் வரை ஒரு முடி வெளியே வராது.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், எல்லோரும் கொட்டகை நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாரி பதினோராம் பாத்திக்குப் போனாள். பெரிய நோக்கம் ஒன்றும் இல்லை. தன் கால் அம்மா கால் அளவுக்கு வளர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். தடத்தில் காலை வைக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் யாருக்கும் அது தோன்றவில்லை. இடது காலை இறக்கினாள். தண்ணீர் கணுக்கால் வரை குளிர்ந்தது. குதிகால் பொருந்தியது, இரண்டாவது விரல் கிட்டத்தட்டப் பொருந்தியது.

பின்னாலிருந்து ஒரு நகம் வந்து வகிடு எடுத்தது.

மாரி திரும்பிப் பார்க்கவில்லை. தலை பின்னும்போது திரும்பினால் அம்மாவுக்குப் பிடிக்காது. தேங்காய் எண்ணெய் வாசமும் உப்பு வாசமும் கலந்து வந்தது. முதுகில் ஒரு முழங்கால் முட்டுக் கொடுத்தது. முடியை மூன்றாகப் பிரித்து இழுத்த இழுப்பில் புருவம் இரண்டும் மேலே போயின. அம்மா பேசவில்லை. உயிரோடு இருந்தபோதும் தலை பின்னுகையில் அவள் பேசியதில்லை, ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள். இரண்டு பின்னலும் முடிந்து, முடிச்சு இறுகி, தோளில் ஒரு சின்னத் தட்டுத் தட்டினாள். அதற்கு அர்த்தம், முடிந்தது, எழுந்து போ. மாரி காலை எடுத்தாள். கொட்டகைப் பக்கம் போகாமல் சுற்றி நடந்து வீட்டுக்குப் போனாள். ரிப்பன் எங்கிருந்து வந்தது என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

அன்று பிற்பகல் தடத்தில் தண்ணீர் இல்லை. மறுநாள் விடியலில் ஊறியது.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே ஆனது. இந்தத் தடவை முழுசாக ஒரு நாள் வற்றியது. அதற்கடுத்த தடவை இரண்டு நாள். ஊரில் காரணம் தேடினார்கள். உப்பளத்துக்காரர்கள் எதற்கும் முதலில் வானத்தைத்தான் குற்றம் சொல்வார்கள், ஆகவே வெயில் என்றார்கள், தடத்துக்கு மேலே ஒரு கறுப்புக் குடையை நட்டார்கள். பிறகு காற்று என்றார்கள். பிறகு யாரோ செருப்போடு வந்துவிட்டார்கள் என்றார்கள். கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டு ஜெயக்கொடி. அவளுக்கு எட்டு மாதத்தில் ஒரு ஆண் குழந்தை. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச விடியலில் முதல் ஆளாக எழுந்து தண்ணீர் பார்க்கிறவள். தண்ணீர் இல்லாத ஒவ்வொரு நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் மாரியின் தலை ஒழுங்காகப் பின்னியிருப்பதையும், தண்ணீர் இருக்கிற நாளில் ரப்பர் பேண்ட் இருப்பதையும் அவள் பார்த்தாள். வகிடு சாய்ந்திருந்த விதத்தையும் பார்த்தாள். பார்த்ததை மூன்று நாள் மனதிலேயே வைத்திருந்து, நாலாம் நாள் சொன்னாள்.

யாரும் மாரியை அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்த ஊரில் தாயில்லாப் பிள்ளையைத் திட்டுகிற வாய் யாருக்கும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து முப்பத்தொன்பது வீட்டாரும் காலையில் எழுந்ததும் கிழக்கே பார்ப்பதை விட்டுவிட்டு மாரியின் தலையைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் கதவுகளில் நின்று பார்த்தார்கள். ரப்பர் பேண்ட் இருந்தால் சிரித்தார்கள், கையில் மிட்டாய் கொடுத்தார்கள். மாரிக்கு அதில் எது புரிந்தது, எது புரியவில்லை என்று தெரியாது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தாள். துண்டைப் பார்த்ததும் ஊர் கலங்கியது.

பெண்கள் கூடி, பிள்ளைக்கு வேண்டியது பின்னல்தானே, நாம் பின்னிவிடுவோம் என்று ஏற்பாடு செய்தார்கள். வீட்டுக்கு ஒரு நாள், முறை வைத்து. மனதார வந்தார்கள், நல்ல எண்ணெய் கொண்டுவந்தார்கள். ஒருத்தி வலிக்கக் கூடாது என்று தளர்த்திப் பின்னினாள், மதியத்துக்குள் அவிழ்ந்தது. ஒருத்தி தன் மகளுக்குப் போடுவது போல ஒற்றைப் பின்னல் போட்டாள். ஒருத்தி பின்னிக்கொண்டே பூங்கனியைப் பற்றிப் பேசி அழுதாள், பின்னல் நனைந்தது. ஜெயக்கொடி வகிட்டைச் சரியாக இடது பக்கம் சாய்த்தே எடுத்தாள், ரிப்பனைக்கூடப் பல்லில் கடித்துக்கொண்டாள். மாரி எல்லோருக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், நல்லா இருக்கு சித்தி என்றாள். வீட்டுக்குப் போய் அவிழ்த்துவிட்டு ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டாள்.

பங்குனி முழுவதும் அவள் பதினோராம் பாத்திக்குப் போகவில்லை. ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. சித்திரை பிறந்து, வெயில் தரையிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரே நேரத்தில் அடிக்கிற நாட்களில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போனாள். அன்று பள்ளிக்கூடத்தில் ஏதாவது நடந்ததா என்று பிறகு விசாரித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கு அம்மா வேண்டியிருந்தது, போனாள். அன்று அவள் காலை எடுக்காமல் நெடுநேரம் நின்றாள். தோளில் தட்டியும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை தட்டியும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அந்தக் கை தட்டாமல், தோளிலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

ஐந்து நாள் தண்ணீர் இல்லை. லாரிக்கு ஆள் அனுப்பினார்கள். சொந்த ஊற்று உள்ள ஊருக்கு லாரி விட மழைக்காலம் கழித்துத்தான் பார்க்க முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தார் ரோடு தாண்டி ஒரு இறால் பண்ணையின் குழாயில் கெஞ்சிப் பிடித்த தண்ணீரைக் குடித்தார்கள். மூன்றாம் நாள் ஜெயக்கொடியின் குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. நாலாம் நாள் கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர் வராத நிலையில் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தது. ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, போனதைவிடப் பாதியாக இருந்தது. குழந்தையைப் பார்க்க மாரி போனபோது, எப்போதும் போல ஜெயக்கொடி அதை அவள் மடியில் வைத்தாள். மாரி அதன் கையைத் தொட்டுப் பார்த்தாள். தோல் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. மடியில் வைத்தபடியே அவள் ஒரு கையால் தன் தலைப் பின்னலை அவிழ்த்தாள். ஐந்து நாளும் ஒரு முடிகூட வெளியே வராத, அதற்குப் பிறகும் அவள் அவிழ்க்காமலே வைத்திருந்த பின்னல் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையில் கூடினார்கள். தடத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, சாவியைத் தன்னிடம் கொடுத்துவிடலாம் என்றார் தங்கப்பழம். பூட்டு உள்ள வேலி என்றார்.

"அது எம் பொண்டாட்டி காலு," என்றார் லிங்கத்துரை. "அதுக்குப் பூட்டுப் போட நீரு யாருவே?"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் சத்தமாகப் பேசினார்கள். லிங்கத்துரை, நீ குடிக்கலையா, முதல் மூன்று குடம் உன் வீட்டுக்குத்தானே வருகிறது என்று ஒருவர் கேட்டார். பிள்ளை அடுத்த வருடம் மறந்துவிடும், பிள்ளைகள் மறந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். மாதத்தில் ஒரு தரம் போகட்டும், நாம் டிரம்மில் பிடித்து வைத்துச் சமாளிப்போம் என்றார் ஒருவர். ஐந்து நாள் வற்றியது அடுத்த தரம் பத்து நாளாகும், டிரம் பத்து நாளைக்கு வருமா என்று கேட்டபோது அவர் உட்கார்ந்துவிட்டார். லிங்கத்துரையையும் பிள்ளையையும் வேறு ஊருக்கு அனுப்பி, அங்கே வேலை ஏற்பாடு செய்து கொடுக்கலாம் என்று ஒரு குரல் வந்தது, அது யாருடைய குரல் என்று பிறகு ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஜெயக்கொடியைப் பார்த்தார்கள். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லோருக்கும் பட்டது.

ஜெயக்கொடி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "எம் புள்ளைக்கு நா இருக்கேன்," என்றாள். "அவளுக்கு அந்தக் காலடிதான இருக்கு. போவாதன்னு எப்படிச் சொல்லுவேன்? போன்னும் சொல்ல மாட்டேன். எங்கிட்ட கேக்காதீய."

ஆகவே மாரியிடமே கேட்பது என்று முடிவு செய்தார்கள். முப்பத்தொன்பது வீட்டுப் பெரியவர்கள் சேர்ந்து சுமக்க முடியாததை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இறக்கி வைத்தார்கள். அதை நியாயம் என்று சொல்லிக்கொண்டார்கள். அவள் போனாலும் யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், உண்மையாகவே ஒத்துக்கொண்டார்கள். தங்கப்பழம் குனிந்து, அவள் உயரத்துக்கு வந்து, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். உன் இஷ்டம் தாயி என்று முடித்தார்.

மாரி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாமா, எங்கம்மைக்கு எது புடிக்கும்? தண்ணி குடுக்குறதா, எனக்குத் தல பின்னுறதா?"

தங்கப்பழம் நிமிர்ந்து, கூரையில் ஏதோ பழுது இருப்பது போல மேலே பார்த்தார்.

அன்று வீட்டில் லிங்கத்துரை மகளை முன்னால் உட்காரவைத்து, சீப்பைக் கையில் எடுத்து, தலையில் வைக்காமலே வைத்திருந்தார். தன் கால் அந்தத் தடத்துக்குள் நுழையாது என்று தனக்கு எப்படித் தெரியும் என்பதை அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அவளிடம் சொன்னார். மூன்று தடவை வைத்துப் பார்த்தாராம். விரல்கள் வெளியே நின்றனவாம்.

"நீ போ தாயி," என்றார். "ஊரு எம்பாடு. எவன் கேட்டாலும் நா பதில் சொல்லுதேன். ஒனக்கு வேணும்னா நீ போ."

"ஒங்களுக்கு வேண்டாமாப்பா?" என்று கேட்டாள் மாரி.

அவர் சீப்பைக் கீழே வைத்தார்.

மறுநாள் விடியலில் பதினோராம் பாத்தி வரப்பில் குடங்கள் வரிசையாக நின்றன. சிவப்பு, நீலம், மஞ்சள், விளிம்பு உடைந்தது, கைப்பிடிக்குத் துணி சுற்றியது, வீட்டுக்கு ஒன்று. லிங்கத்துரை வீட்டுக்கு எடுத்துப் போகிற முதல் மூன்று குடத்தை அன்று மட்டும் யாரும் நிரப்பவில்லை. சிரட்டை தடத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. குடங்களை விட்டுவிட்டு ஆட்கள் எல்லோரும் கொட்டகைச் சுவர் ஓரமாகப் போய்ப் பாத்திக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அவள் வந்தால் அவளைப் பார்க்கக் கூடாது என்று பேசிவைத்திருந்தார்கள். குழந்தைகளின் தலையையும் பிடித்துச் சுவர் பக்கம் திருப்பியிருந்தார்கள். ஜெயக்கொடியின் தோளில் கிடந்த குழந்தை மட்டும் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாரி தலைவிரி கோலமாக வந்தாள். ரப்பர் பேண்ட் மணிக்கட்டில் இருந்தது. வரப்பில் செருப்பைக் கழற்றினாள். குடங்களின் பக்கவாட்டில் நடந்து முன்னால் போனாள். தடம் நிறைந்திருந்தது. இரண்டு பின்னல் போட்டு, மடித்து, ரிப்பன் சுற்றி முடிக்கிற அளவு நேரம் அதன் பக்கத்தில் நின்றாள். காற்று முடியை முகத்தில் போட்டது, அவள் ஒதுக்கவில்லை. பிறகு திரும்பி, வந்த வழியே நடந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டிலிருந்து பச்சைக் குடத்தை எடுத்து வந்தாள். அதை வரிசையின் கடைசியில் வைத்தாள். அதற்கு முன்னால் முப்பத்தெட்டுக் குடங்கள் இருந்தன.